பறவைப் படங்கள் குறித்துக் கருத்து ஏதுமில்லை

முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் பேனா பிடித்தவள் நான். அதில் முழுசாக ஜெயித்தது ஒரே ஒரு தடவைதான். ஆனால் அந்த ஒரு தடவை இருக்கிறதே, அடேயப்பா! நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வீட்டுக்குள் நாலு நடை நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். விருதுநகரில் இருந்தது, சாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன், அது போதும். என் வேலைக்குத் தொகுப்பு என்று பெயர். சென்னையிலிருந்து ஒரு கேள்வி வரும். அதை மாவட்டத்திலுள்ள துறைகளுக்கு நான் அனுப்ப வேண்டும். அவர்கள் சொல்லும் பதிலைக் கட்டம் போட்ட தாளில் சேர்த்து எழுதி மேலே அனுப்ப வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். பதில் வர வேண்டுமே! முதல் கடிதத்துக்கு ஒருவரும் அசைய மாட்டார்கள். ஒரு நினைவூட்டு, இன்னொரு நினைவூட்டு, அப்புறம் போனில் நான் கத்துவது. அதற்கும் பிறகு ஒற்றை வரியில் ஒரு கடிதம் வரும்: 'இத்துறையைப் பொறுத்தவரை கருத்து ஏதுமில்லை.' இதை நாங்கள் இன்மை அறிக்கை என்போம். எதைக் கேட்டாலும் இன்மைதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அலுவலகத்தில் பெயர். இத்தனை இன்மையைத் தொகுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு சித்திரை மாதத்தில், ஆள் கடத்தலைத் தடுக்க ஒரு சட்ட வரைவு எங்களுக்கு வந்தது. டில்லியில் எழுதி, சென்னை வழியாக வந்தது. இப்படி ஒரு சட்டம் வேண்டுமா, உங்கள் துறைகள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருந்தார்கள். அதிசயமாக நான் அதை முழுவதும் படித்தேன். ஆசை காட்டியோ ஏமாற்றியோ ஆளைச் சேர்த்து, கொண்டுபோய் அடைத்து வைத்து வேலை வாங்கினால் அதுவும் ஆள் கடத்தல்தான் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். இதற்கென்று தனியாக ஒரு அதிகாரியை நியமித்து, எந்த இடத்துக்குள்ளும் நுழையும் அதிகாரத்தை அவர் கையில் கொடுப்பது என்றும் அதில் இருந்தது.

எங்கள் பிரிவின் சூப்பிரண்டு காரியாபட்டிக்காரர். நல்ல மனுஷன், ஆனால் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வருகிற மெமோவுக்கு மட்டும் அப்படிப் பயப்படுவார். அவர் வரைவைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆறு துறைக்கு அனுப்பும்மா. ஆறும் கருத்தில்லைன்னுதான் வரும். கட்டத்துல இப்பமே எழுதி வச்சுட்டாலும் தப்பில்ல" என்றார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். என் மேஜைக்கு ஒரு அம்மாள் வந்து நின்றாள். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமம், பட்டாசுக் கம்பெனியில் வேலை. அதை அவள் சொல்லவே வேண்டாம், விரலிடுக்கெல்லாம் கழுவியும் போகாத மருந்துத்தூளின் வெள்ளி நிறம். அவள் நீட்டிய மனுவைப் பார்த்து எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வழவழவென்ற கெட்டித் தாள். ஒரு பக்கம் மனு, மறுபக்கம் வரிசை வரிசையாகக் குருவிகள். குருவி வெடிக்கு ஒட்டுகிற லேபிள், வெட்டாத முழுத்தாள். மஞ்சள் ஒரு பக்கமும் சிவப்பு ஒரு பக்கமும் விலகிப்போய், ஒவ்வொரு குருவிக்கும் ரெண்டு மூக்கு.

"ஏங்க்கா, அரசாங்கத்துக்குக் குடுக்கிற மனுவை இதுலயா எழுதுவாக?" என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரர் அச்சாபீசுல மெசின் ஓட்டுறாரு தாயி. அவருதான் எழுதிக் குடுத்தாரு. முதல்ல நல்ல தாளுலதான் எழுதினோம். மூணு ஆபீசுக்கு அலைஞ்சதுல அது கிளிஞ்சு போச்சு. இது கிளியாதுன்னாரு."

உட்காரச் சொன்னேன். அவளுடைய மூத்த மகளுக்குப் பதினாறு நடக்கிறது. மார்கழியில் ஊருக்கு ஒரு புரோக்கர் பெண் வந்து, மேற்கே மலையடிவாரத்தில் ஒரு நூல் மில் இருக்கிறது, மூன்று வருஷம் அங்கேயே தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள் என்று சொல்லி அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு மகளைத் தாய் கண்ணால் பார்க்கவில்லை. ரெண்டு பஸ் மாறினால் போய்விடுகிற தூரம். நாலு தடவை போயிருக்கிறாள். கேட்டைத் திறக்கவில்லை. மூன்று வருஷம் முடிந்து வா, பிள்ளையையும் பணத்தையும் சேர்த்து வாங்கிக்கொள் என்று வாட்ச்மேன் சொல்லி அனுப்பியிருக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பக்கத்து வீட்டுப் போனுக்கு மகள் பேசுவாள். அப்போதும் அவள் பக்கத்திலேயே ஒரு ஆள் நிற்பான்.

"போன மாசம் பேசுனப்ப, இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்ட நேத்திக்கடனை மறந்துறாதம்மா, சீக்கிரம் செலுத்திருன்னா. குரல் நடுங்குது தாயி."

"செலுத்திற வேண்டியதுதானக்கா?"

"நாங்க எதுவுமே நேரலையே! எம்பிள்ளை வேற எதையோ சொல்லுது. ஆள் நிக்கிறான்னு சாமியை வச்சுச் சொல்லுது. அது எனக்குத் தெரியாதா?"

மூன்று அலுவலகங்களிலும் இவளுக்குக் கிடைத்த பதிலைக் கேட்டேன். அங்கன போ என்றார்கள், அங்கே போனால் இங்கன போ என்றார்களாம். தொழிலாளி விஷயம் என்றார் ஒருவர், போலீஸ் விஷயம் என்றார் ஒருவர், குடும்ப விஷயம் என்றார் இன்னொருவர். அவளை அனுப்பிவிட்டு, சட்ட வரைவின் மூன்றாம் பக்கத்தையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஆசை காட்டி, கொண்டுபோய், அடைத்து வைத்து. அந்தப் பத்தியை இந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றியது. அப்போது சூப்பிரண்டு கூப்பிட்டார், எழுந்து போனேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. நான் வருவதற்குள் எங்கள் அலுவலக உதவியாளர் மேஜையிலிருந்த கட்டைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸுக்குப் போய்விட்டார். மூன்றாம் பக்கத்துக்கும் நாலாம் பக்கத்துக்கும் நடுவில் மனு. அவர் கடமை தவறாத மனிதர். மனுவின் முன்பக்கத்தையும் எடுத்தார், பின்பக்கத்துக் குருவிகளையும் எடுத்தார். ஆறு பிரதி எடுத்து, ஆறுக்கும் டேக் போட்டுக் கட்டி, அன்று சாயங்காலமே தபாலில் சேர்த்தார். மேலே என் கடிதம்: 'இணைப்பைக் கூர்ந்து பரிசீலித்து, தங்கள் துறையின் கருத்தைத் தெரிவிக்கவும்.'

வெள்ளிக்கிழமை மனுவைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. சூப்பிரண்டு தலையில் கை வைத்துவிட்டார்.

"கெடுத்தியேம்மா குடிய! டில்லிச் சட்டத்துக்குள்ள குருவிப் படத்தை வச்சு அனுப்பியிருக்கியே! ரெண்டு பேருக்கும் மெமோதான். தவறுதலா சேர்ந்துருச்சு, நீக்கிக்கிடுங்கன்னு உடனே ஆறு கடிதம் போடு."

போட்டேன். ஆறும் கையெழுத்தாகி மேஜையில் இருந்தன. தபால் நேரம் முடிந்துவிட்டதால் திங்களன்று அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில், தபால்காரருக்கு முன்னால் அந்த அம்மாள் வந்துவிட்டாள்.

"நேத்து எம்பிள்ளை பேச வேண்டிய ஞாயிறு. போனே வரல தாயி" என்றாள். கண் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள். "எம்மனு இப்ப எங்கன இருக்கு?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆறு ஆபீசுல இருக்குக்கா" என்றேன்.

"ஆறு ஆபீசுலயா!" அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "இம்புட்டு நாளா ஒரு ஆபீசுலகூட வாங்க மாட்டேன்னாக. நீங்க ஆறு ஆபீசுக்கு அனுப்பிட்டீகளா? நல்லா இருப்பீக தாயி, உங்க கொலம் நல்லா இருக்கும்" என்று அந்த வெள்ளிக் கைகளைக் கூப்பினாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தின் பின்னாலேயே கோபம் வந்தது. இந்த மனுவைத் திரும்ப வாங்கி என்ன செய்யப் போகிறேன்? மறுபடியும் அங்கன போ, இங்கன போ என்று இவளை அனுப்பவா? மெமோ வந்தால் வரட்டும், தின்றுவிடுமா என்ன! அவள் போனதும் ஆறு கடிதங்களையும் கிழித்துக் கூடையில் போட்டேன். சூப்பிரண்டு பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கோப்பை எடுத்துக் குனிந்துகொண்டார்.

மறுநாள் தொழிலாளர் துறையிலிருந்து போன். "மேடம், அந்த மனுவை எதுக்கு வச்சிருக்கீக? எங்களைச் சோதிச்சுப் பாக்குறாகளா?"

"இணைப்பைக் கூர்ந்து பரிசீலிக்கவும்னு போட்டிருக்குல்ல? பரிசீலிங்க" என்று கெத்தாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வாரமே பதில்கள் வர ஆரம்பித்தன! நினைவூட்டு இல்லாமல்! இன்மை ஒன்றுகூட இல்லை. புதுச் சட்டம் வந்தால் புது அதிகாரி வருவார், தங்கள் அதிகாரம் அவர் கைக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் பயம். கூடவே ஒரு நிஜ மனு இருந்ததால், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று மேலே கேட்பார்களோ என்று இன்னொரு பயம். ரெண்டு பயமும் சேர்ந்து ஒவ்வொருவரும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார்கள்.

'தற்போதுள்ள சட்டங்களின்படியே எந்த ஆலைக்குள்ளும் எந்நேரமும் முன்னறிவிப்பின்றி நுழைய இத்துறைக்கு முழு அதிகாரம் உள்ளது. எனவே புதிய சட்டத்தில் உடன்பாடில்லை' என்றது தொழிலாளர் துறை. 'தாயார் புகார் அளிப்பின், அன்றைய தினமே வழக்குப் பதிந்து பெண்ணை மீட்கப் போதிய அதிகாரம் உள்ளது. புதிய சட்டம் தேவையற்றது' என்றது காவல் துறை. மீட்ட பிள்ளைகளுக்கு உதவ எல்லா ஏற்பாடும் தயார் என்றது சமூக நலம். பெண்ணின் வயதுச் சான்று எங்களிடமே உள்ளது, கேட்டால் ஒரு மணி நேரத்தில் தருவோம் என்றது கல்வி. ஐந்தாவது துறையும் இதே பாட்டுத்தான். கடைசியாக ஒரு துறை, பெயரைச் சொல்ல மாட்டேன், நாலு பக்கம் எழுதி முடித்துவிட்டு இப்படி ஒரு வரி சேர்த்திருந்தது: 'இணைப்பின் பின்பக்கத்தில் காணப்படும் பறவைப் படங்கள் குறித்து இத்துறைக்குக் கருத்து ஏதுமில்லை.'

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் பொறி தட்டியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, ஆறு தவளையும் கத்தியிருக்கிறது! முழு அதிகாரம் உள்ளது, போதிய அதிகாரம் உள்ளது, எல்லா ஏற்பாடும் தயார். இனி யார் இந்தத் தாயை இங்கன போ, அங்கன போ என்று சொல்ல முடியும்?

கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் அவரவர் எழுதிய வரியை அப்படியே இறக்கினேன். என் சொல் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. அடியில் மட்டும் இப்படி எழுதினேன்: 'புதிய சட்டமின்றியே தங்களுக்குப் போதிய அதிகாரம் உள்ளதாக அனைத்துத் துறைகளும் தெரிவிக்கின்றன. எனவே, இணைப்பிலுள்ள மனுவின் மீது அந்த அதிகாரத்தைக் கொண்டு நடவடிக்கை எடுத்து, அதன் விவரத்தையும் கருத்துகளோடு சேர்த்துச் சென்னைக்கு அனுப்பலாம்.'

சூப்பிரண்டு ரெண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது குறிப்பா, சரவெடியாம்மா?"

"திரி மட்டும்தான் சார் நம்மளுது. மருந்து அம்புட்டும் அவுக குடுத்தது."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மெமோவுக்கு அஞ்சும் அந்த மனிதர் பேனாவை எடுத்துச் சுருக்கொப்பம் போட்டுத் தானே கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பெரிய அதிகாரியின் அறைக்குப் போனார்.

பெரிய அதிகாரி ஒரு பெண். அதிகம் பேச மாட்டார். பச்சை மையில் 'பேசுக' என்று எழுதி, புதன்கிழமை ஆறு துறையினரையும் கூப்பிட்டுவிட்டார். நான் கோப்போடு சுவரோரம் நின்றேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"எந்நேரமும் முன்னறிவிப்பின்றி நுழைய முழு அதிகாரம் உள்ளது. இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா மேடம்."

"அதிகாரம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அன்றைய தினமே வழக்குப் பதிந்து மீட்க. இது உங்களோடது?"

"ஆமா மேடம்."

ஆறு பேரிடமும் கேட்டார். ஆறு பேரும் இருக்கு மேடம் என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள், கையெழுத்து அவர்களுடையது! கடைசியில் மனுவைத் திருப்பிக் குருவிகளைப் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. "இதைப் பத்திக் கருத்து இல்லைன்னு தெரியும். நாளைக்குக் காலையில எல்லாரும் மில்லுக்குப் போயிட்டு வாங்க. கோப்போட நீங்களும் போங்கம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் மூன்று ஜீப்பில் போனோம். அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை, மேனேஜர் வரட்டும் என்றான். அப்போது தொழிலாளர் துறை அதிகாரி ஜீப்பிலிருந்து குதித்தாரே பாருங்கள்! "எந்நேரமும் முன்னறிவிப்பின்றி நுழைய எங்களுக்கு முழு அதிகாரம் இருக்கு, தொறலே கேட்ட!" என்று அவர் போட்ட சத்தத்தில் காக்காய்கள் பறந்தன. எழுதிய வரியை எப்படி மனப்பாடம் செய்திருந்தார் மனுஷன்! சத்தியமாகச் சொல்கிறேன், அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

மேனேஜர் வந்தார். பிள்ளைகள் இஷ்டப்பட்டுத்தான் இருக்கிறார்கள், நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார். பெண்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். எல்லாம் பஞ்சுத்தூசி படிந்த தலைகள். வீட்டுக்குப் போக விருப்பமுள்ளவர்கள் முன்னால் வாருங்கள் என்று அதிகாரிகள் கேட்டார்கள். ஒரு கால்கூட நகரவில்லை. மேற்பார்வை ஆள் ஒருவன் பக்கத்தில் கை கட்டி நின்று முறைத்துக்கொண்டிருந்தான். இவ்வளவு தூரம் வந்து, இப்போது இவர்கள் போகவில்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் போச்சே, இந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அந்த அம்மாள் என் கையை உதறிவிட்டு முன்னால் போனாள்.

"ஏத்தா!" என்று கத்தினாள். "இருக்கன்குடி நேத்திக்கடன் கெடக்குல்ல? செலுத்த வேண்டாமா? கெளம்பு!"

மூன்றாவது வரிசையில் ஒரு மெலிந்த பெண் தலை நிமிர்ந்தாள். ஒரு நொடிதான். வரிசையைப் பிளந்துகொண்டு ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், கோப்பு நனைந்தது.

பிறகு நடந்ததுதான் நான் இன்றைக்கும் எழுந்து நடப்பதற்குக் காரணம். முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கி, "சார், எங்க வீட்லயும் ஒரு நேத்திக்கடன் இருக்கு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, "எனக்கும் இருக்கு சார்." அப்புறம் இன்னொருத்தி. மேற்பார்வை ஆள் இப்போது யாரை முறைப்பான்? சாமி காரியத்தை வேண்டாம் என்று எவன் சொல்வான்? பதினோரு பெண்கள், பதினோரு நேர்த்திக்கடன். போலீஸ் அதிகாரி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் துணிமணியை எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். அவர்கள் வேலை பார்த்த நாட்களுக்கான கூலியைத் தொழிலாளர் துறை பின்னால் வாங்கிக் கொடுத்தது. வழக்கும் பதிந்தார்கள். நன்றாக வேலை செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

சென்னைக்கு என்ன கருத்து போனது என்று கேட்பீர்களே. ஆறு துறையும் சட்டம் வேண்டாம் என்றன அல்லவா? பெரிய அதிகாரி அதன் அடியில் தன் கருத்தாக ஒரு பத்தி சொல்ல, நான் எழுதினேன். இவ்வளவு அதிகாரம் எல்லாரிடமும் இருந்தும் ஒரு தாய் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது, ஆகவே சட்டம் தேவை. அதுதான் எங்கள் மாவட்டத்தின் கருத்து. எனக்கு மெமோ வரவில்லை. சூப்பிரண்டு மட்டும் ஒரு வருஷத்துக்கு என்னைக் குருவியம்மா என்று கூப்பிட்டார்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு வரவேண்டும் என்று அந்த அம்மாள் அலுவலகத்துக்கே வந்து அழைத்தாள். பட்டாசுக்குச் சீசன் வேகம் பிடிக்கிற நேரம், கம்பெனிக்கு லீவு போட்டு வந்திருந்தாள். போனேன். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். மகள் மாவிளக்குத் தட்டோடு நின்றாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"நேராத நேத்திக்கடனுக்கு மாவிளக்கா?" என்று கேலி செய்தேன்.

"சாமி பேரைச் சொல்லித் தப்பிச்சுட்டு, சும்மா விட முடியுமாம்மா? கடன்னு வாயால சொல்லிட்டேன்ல" என்றாள். விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அந்தச் சட்டம் வந்துருச்சாம்மா?"

"இன்னும் வரல. டில்லியில பேசிக்கிட்டு இருக்காக."

"அது வர்றப்ப வரட்டும். நான் வந்துட்டேன்ல" என்று சொல்லி, மாவைக் கிள்ளி என் கையில் வைத்தாள். வெல்லமும் நெய்யும் மணத்தது. நின்ற இடத்திலேயே தின்றேன்.